சீனியின் கார்டில் இருந்த நம்பர்

கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் முப்பத்திரண்டு வருஷம் பெயின்ட் விற்று ஓய்வு பெற்றவர் ஸ்ரனிஸ்லாஸ். விற்றவர் என்றால், கேட்ட டின்னை எடுத்து வைத்துவிட்டுக் கொட்டாவி விடுகிற ஆள் இல்லை. சுவர் மழைப் பக்கமா வெயில் பக்கமா, பழைய பெயின்டுக்கு மேலேயா புதுப் பூச்சுக்கு மேலேயா என்று நாலு கேள்வி கேட்காமல் டின்னில் கை வைக்க மாட்டார். கலகெதரையில் இருந்தெல்லாம் மேசன்மார் பஸ் ஏறி வந்து, அவர் லீவு என்றால் அடுத்த நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிப் போனதுண்டு. கையில் எனாமல் பெயின்ட் பட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "துணியில கொஞ்சம் மண்ணெண்ணெயத் தொட்டுத் துடைங்க. அப்புறமா சோப்புப் போடுங்க." அதை ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பார். தன் கையையும் தினம் அப்படித்தான் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

பிறந்தது ஹந்தானையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். இந்த நீளமான பெயர் ஞானஸ்நானத்தில் பங்குச் சாமியார் வைத்தது. எந்த ஆபீசிலும் இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதப்பட்டதில்லை. ஊருக்கு அவர் 'ஸ்ரனி'. டவுனுக்கு வேலைக்கு வந்து, கிறேஸைக் கட்டி, குண்டசாலையில் சின்னதாக ஒரு வீடும் ஆக்கி, தினுஷா என்று ஒரே மகளைப் படிக்க வைத்து டோஹாவுக்கு அனுப்பியும் விட்டார். ஒழுங்கான மனுஷன். குறை சொல்வதென்றால் ஒன்று சொல்லலாம். கடையில் எந்த இறாக்கையில் எந்த ஆணி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவருக்கு, வீட்டில் தேயிலைப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டிய தேவை இருந்ததில்லை. எல்லாம் கிறேஸ்.

கிறேஸ் வீட்டுக்குள்ளேயே ஒரு பூனை வளர்த்தாள். வெள்ளை, முதுகில் மட்டும் ஒரு மண் நிறத் திட்டு. பெயர் சீனி. றோட்டில் நாய்த் தொல்லை என்பதால் சீனி தானாக வாசற்படியைத் தாண்டியதே இல்லை. போதாக்குறைக்குக் கூட்டில் இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ். நத்தாருக்கு நத்தார், பாலன் பிறப்புக்கு முன்னால், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்காவிட்டால் கிறேஸுக்கு நத்தார் வந்த மாதிரியே இருக்காது. ஆனால் டின்னைத் திறப்பதற்கு முதல் நாளே அவளுடைய ஆர்ப்பாட்டம் தொடங்கிவிடும். குருவிக் கூடு பக்கத்து வீட்டு முஹைதீனின் விறாந்தைக்குப் போகும். குருவிக்கு நெஞ்சு சின்னது, பெயின்ட் வாசம் பட்டால் கவிழ்ந்துவிடும் என்பாள். கடைசியாகப் பெயின்ட் அடிக்கப்போகிற அறைக்குள் சீனியை விட்டு, கக்கூஸுக்கு மண் போட்ட பேசினும் தண்ணீரும் வைத்து, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டையில் ஊசியால் குத்திக்கொள்வாள். ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கும், நுளம்பு கடித்தாலும் சரி. "ஏய், நான் பெயின்டுலயே பொறந்து வளர்ந்தவன். பூனைக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஸ்ரனிஸ்லாஸ் சிரிப்பார். "நீங்க வித்தவரு. நக்கிப் பார்த்தவர் இல்ல" என்பாள் கிறேஸ். அந்த வாய்க்கு முன்னால் யார் நிற்பது!

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மரக்கறி வாங்க டவுனுக்குப் போன கிறேஸ் பஸ் தரிப்பில் வைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தெட்டு.

ஸ்ரனிஸ்லாஸ் அழவில்லை. பெட்டி வந்தபோதும் அழவில்லை, மண் போட்டபோதும் அழவில்லை. ஆள் திடமாக இருக்கிறார் என்று வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். திடமாவது மண்ணாவது! ஆளுக்குள்ளே ஒன்றும் ஓடவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இருந்தது அவருக்கு எல்லாமே. குளித்தார், கடைச் சோறு வாங்கிச் சாப்பிட்டார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் எழும்புகிற இடத்தில் எழும்பி முழந்தாளிடுகிற இடத்தில் முழந்தாளிட்டார். படுக்கையறையில் படுப்பதை விட்டுவிட்டு ஹோலில் செட்டியில் படுத்தார். உடுப்பெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்து கதிரையில் குவிந்தது. சீனிக்கும் குருவிகளுக்கும் மட்டும் வேளைக்கு வேளை ஏதாவது வைத்தார். அன்பினால் என்று சொல்ல முடியாது. வைக்காவிட்டால் சத்தம் போடும்.

நவம்பர் கடைசியில் தினுஷா டோஹாவில் இருந்து கோல் எடுத்தாள்.

"டடி, இருபத்தி ரெண்டாம் திகதி வர்றேன். சோடினை வேணாம், நட்சத்திரக் கூடும் வேணாம். ஆனா பெயின்ட் மட்டும் அடிச்சிருங்க. மம்மி ஒரு வருஷம்கூட விட்டதில்ல."

"சரி மகள்."

"சீனியப் பார்த்துக்கங்க டடி. மம்மி கையால வளர்த்ததுல மிச்சம் நானும் அதுகளுந்தான். நான் வர்ற நேரம் சீனி இல்லேன்னா எனக்கு அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க ஏலாது."

அவள் குரல் உடைந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அதைக் கேட்டுக்கொண்டே சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அழுகிறாள், எனக்கு ஏதாவது தோன்ற வேண்டுமே என்று நினைத்தார். ஒன்றும் தோன்றவில்லை. அது அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

டிசம்பர் முதல் கிழமை இருளப்பன் ஏணியோடு வந்து சேர்ந்தார். ஹந்தானைக்காரர். பதினைந்து வருஷமாக இந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர். கிறேஸின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர்.

"கலர் என்னண்ணே போடுவோம்?"

"எதுன்னாலும் சரி இருளப்பா."

முப்பத்திரண்டு வருஷம் கலர் விற்ற வாயில் இருந்து வந்த பதில் அது. இருளப்பன் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, போன வருஷம் அடித்த நிறங்களையே தானாக எழுதிக்கொண்டு போய் வாங்கி வந்தார். சுவருக்கு வெளிர் மஞ்சள், கதவு நிலைகளுக்கு நீல எனாமல்.

"குருவிக் கூட்டை முதல்ல அனுப்பிருவோம்ண்ணே. அக்கா இருந்தா இந்நேரம் என்னை ஏசியிருப்பாங்க" என்று சொல்லி, இருளப்பனே கூட்டைத் தூக்கிக்கொண்டுபோய் முஹைதீன் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். முஹைதீன் த்ரீவீல் ஓட்டுபவர். அவருடைய மனைவி குருவிகளுக்குத் தினை வாங்கித் தயாராக வைத்திருந்தாராம்.

"பூனைய எங்கண்ணே விடப் போறீங்க?"

"அந்த அறையில. அந்த அறைக்குப் பெயின்ட் வேணாம். அப்படியே கெடக்கட்டும்."

எந்த அறை என்று இருளப்பன் கேட்கவில்லை.

முதல் நாள் சுவர்கள். ஒரு குழப்பமும் இல்லை. இரண்டாம் நாள் எனாமல். கண்டியில் டிசம்பர் மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும். விடியற்காலையில் பிடித்த தூறல் பத்து மணிக்கும் விடவில்லை. எனாமல் காயாமல் பளபளவென்று ஈரமாகவே நின்றது. இருளப்பன் சமையலறைக் கதவு நிலையை முடித்துவிட்டு, மழை படாத முன் விறாந்தையில் ஜன்னலுக்கு ஏறியிருந்தார்.

சீனிக்குச் சோறு வைக்க ஸ்ரனிஸ்லாஸ் படுக்கையறைக் கதவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் கிறேஸின் வீட்டுச் சட்டை கொளுவியில் தொங்கியது. கட்டிலுக்குக் கீழே அவளுடைய செருப்பு, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. அதை நிமிர்த்தி வைக்கலாம் என்று குனிந்தவர், வைக்காமலே சோற்றுக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அவசரமாக வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். பூட்டவில்லை. அட மனுஷா, கொண்டியையாவது போட்டிருக்கக் கூடாதா! அந்தக் கதவு பழைய கதவு, சாத்தினால் தானாக நாலு விரல் விலகும். கிறேஸ் ஏன் வருஷா வருஷம் சாவியைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

கால் மணித்தியாலத்தில் சீனி அவர் காலடியில் வந்து நின்றது. முன்னங்கால் இரண்டும் நீலம். வயிற்றில் ஒரு பட்டை நீலம். சமையலறை நிலையில் உரசி, டின் மூடியில் கால் வைத்து, சீமெந்துத் தரை முழுக்கச் சின்னச் சின்னப் பூவாகப் பதித்துவிட்டு வந்திருந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் பதறவில்லை. சொல்லப்போனால் ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய பனியனைக் கிழித்தார். மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். சீனியை மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாக, நகம் நகமாகத் துடைத்தார். பூனை திமிறியது. "இரு, இரு, இந்தா முடிஞ்சிருச்சு" என்று அதோடு பேசவும் செய்தார். வயிற்று மயிரைப் பிரித்துப் பிரித்துத் துடைத்தார். பெயின்ட் அழகாகக் கழன்று வந்தது. கறை போனதைப் பார்க்க மனதுக்கு ஒரு திருப்திகூட வந்தது. சோப்புப் போடவில்லை. மழைக் குளிரில் பூனையைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம் என்று நினைத்தார். துடைத்து முடித்து அறைக்குள் விட்டு, இந்தத் தடவை கொண்டியையும் போட்டார்.

அறைக்குள்ளே சீனி உட்கார்ந்து, பூனைகள் எல்லாம் செய்வது போல, தன்னை நக்கிச் சுத்தம் செய்தது.

பன்னிரண்டு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். சீனி வாந்தி எடுத்திருந்தது. வாயோரம் நுரை. எழும்பப் பார்த்துப் பின்னங்கால் சறுக்கி விழுந்தது. மூச்சு வேகமாக, வாயைத் திறந்தபடி. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டு அவர் பார்த்ததே இல்லை.

"இருளப்பா!"

இருளப்பன் ஏணியில் இருந்து இறங்கி ஓடி வந்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

"அண்ணே, எதாலண்ணே தொடைச்சீங்க?"

"மண்ணெண்ணெய்."

"ஐயோ! அக்கா தேங்காயெண்ணெயத்தானண்ணே போட்டுத் தொடைப்பாங்க! போன வருஷம் வாலுல பட்டப்ப தேங்காயெண்ணெயத் தேச்சு, சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல வச்சிக்கிட்டு இருந்தாங்களே! நீங்க பார்க்கலியா?"

பார்க்கவில்லை. போன வருஷம் அந்த நேரத்தில் அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இருளப்பன் தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றலாமா என்று சமையலறைப் பக்கம் திரும்பினார். சத்தம் கேட்டு வந்த முஹைதீன் தடுத்துவிட்டார். "ஒண்டும் ஊத்த வாணாம். மூச்சுக் குழலுக்குள்ள போயிரும். அங்கிள், பூனைய ஒரு துவாயில சுத்துங்க. அன்ட்டி கொண்டு போற டொக்டர்ட்டத்தானே? எனக்கு எடம் தெரியும், நான்தானே ஏத்திட்டுப் போறது. அதுட ஊசி கார்ட் எங்க ஈக்கி?"

சீனிக்கு ஒரு கார்ட் இருப்பதே ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரியாது. இருளப்பனும் அவருமாகச் சமையலறை லாச்சியைக் கிளறி எடுத்தார்கள். பொலித்தீன் உறைக்குள் கிறேஸின் உருண்டைக் கையெழுத்தோடு மஞ்சள் அட்டை.

தென்னக்கும்புறப் பாலத்தில் முஹைதீனின் த்ரீவீலும் மற்ற வாகனங்களும் அசையாமல் நின்றன. துவாய்க்குள் சீனி லேசாக நடுங்கியது. ஸ்ரனிஸ்லாஸ் அதன் தலையில் கை வைத்திருந்தார். இது செத்துப்போகும், நான்தான் கொன்றேன் என்று நினைத்தார். தினுஷா வாசலில் பயணப் பெட்டியோடு நிற்பதை நினைத்துப் பார்த்தார். அப்போதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் துவாயை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது.

மிருக ஆஸ்பத்திரியில் டொக்டர் இன்ஷிரா ஒரு கேள்விதான் கேட்டார். "என்ன பட்டது?" மண்ணெண்ணெய் என்றதும் பூனையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், முக்கால் மணித்தியாலம் கழித்துக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டோம். சேலைன் ஏறுது. பெயின்டவிட மண்ணெண்ணெய்தான் அங்கிள் மோசம். தோலாலயும் போகும், நக்கினா வயித்துக்கும் போகும். நெஞ்சுக்குள்ள போயிருந்தாத்தான் பயம். ராவைக்கு இங்க ஈக்கட்டும். நாளைக்குக் காலம்பற வரைக்கும் தாங்கிட்டா பொழைச்சிரும்."

"சரி டொக்டர்."

"கார்டில ஈக்கிற நம்பருக்குக் கோல் எடுப்பேன். இது சரிதானே?"

"சரி டொக்டர்."

வீட்டுக்கு வந்து, ஈரத் துவாயைக் கொடியில் போட்டு, இருளப்பனை அனுப்பி, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கார்டில் இருப்பது கிறேஸின் நம்பர்.

ஒரு கோல் எடுத்து நம்பரை மாற்றச் சொன்னால் முடிந்தது வேலை. ஆனால் ஏன் என்று கேட்பார்களே. கிறேஸ் அன்ட்டிக்கு என்ன என்று கேட்பார்களே. ஸ்ரனிஸ்லாஸ் தன் போனைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இந்த ஒன்பது மாதத்தில் அவர் யாருக்கும் அந்தச் செய்தியைச் சொன்னதில்லை. மகளுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். கோயிலில் சாமியார் சொன்னார். சொந்தக்காரர்களுக்குத் தினுஷா சொன்னாள். பக்கத்து வீடுகளுக்கு முஹைதீன். அவர் வாயில் இருந்து அந்த வார்த்தை வெளியே வரவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

போனை வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனார். அலுமாரியின் கீழ்த் தட்டில், ஆஸ்பத்திரியில் கொடுத்த பொலித்தீன் பை அப்படியே முடிச்சோடு இருந்தது. அதற்குள் மணிக்கூடு, செபமாலை, சின்னப் பட்டன் போன். அந்த நம்பர் வெட்டுப்பட்டுப் போகாமல் தினுஷா மாதா மாதம் அங்கிருந்தே ரீலோட் போட்டு வந்தாள். போனை சார்ஜில் போட்டார். திரை வெளிச்சமாகிச் சிணுங்கியது. எடுக்காத கோல் பதினொன்று என்று காட்டியது.

பதினொன்றும் அவர் எடுத்தவை. 'தினுஷா டடி' என்று பதினொரு தடவை. அந்த வெள்ளிக்கிழமை பூனைச் சாப்பாட்டு டின்னை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்க எடுத்தது. ஆறாவது ஏழாவது தடவை அவருக்கு நல்ல கோபம். இவள் எங்கே பிராக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று வாய்விட்டே ஏசினார். கிறேஸ் அந்த நேரம் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் கிடந்தாள். வெட்கமாக இருந்தது அவருக்கு. வெகு காலத்துக்குப் பிறகு ஒன்றை உணர்ந்தார், அது வெட்கமாக இருந்தது.

அதற்குள் அவருடைய போனில் தினுஷா இரண்டு தடவை எடுத்தாள். 'பெயின்ட் வேலை. நாளைக்குப் பேசுவோம்' என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்தக் கட்டிலில் ஒரு ஓரமாகப் படுத்தார். தூங்கினாரா என்று அவருக்கே தெரியாது.

காலை ஏழரைக்குக் கிறேஸின் போன் அடித்தது. கைக்குள்ளேயே அதிர்ந்தது. நாலு தடவை அடிக்கவிட்டு எடுத்தார்.

"ஹலோ, மிஸிஸ் கிறேஸ் ஈக்கிறாங்களா? டொக்டர் இன்ஷிரா பேசுறேன்."

வெளியில் போயிருக்கிறாள் என்று சொல்லலாம். குளிக்கிறாள் என்று சொல்லலாம். சொன்னால் டொக்டர் பிறகு எடுப்பார், அல்லது விஷயத்தை இவரிடமே சொல்லிவிடுவார். எல்லாம் சுலபம். ஸ்ரனிஸ்லாஸ் வாயைத் திறந்தார்.

"இல்லீங்க டொக்டர். கிறேஸ் செத்துப்போயிட்டா. மார்ச் மாசம். நான் அவ புருஷன். நேத்து வந்தவன்."



"அல்லாஹ்... எனக்குத் தெரியாது அங்கிள். மன்னிச்சுக்கங்க. நான் நேத்தே கேட்டிருக்கணும்."

"பரவாயில்ல. சீனி எப்படி டொக்டர்?"

"சீனி நல்லா ஈக்குது அங்கிள். மூச்சு சரியாயிட்டு. காலம்பற கொஞ்சம் மீன் தின்னிச்சு. இப்ப கூட்டுக்குள்ள ஒரே கத்தல். பத்து மணிக்கு வந்து எடுத்துட்டுப் போங்க. கார்டில உங்கட நம்பரப் போட்டுக்கிறேன்."

"போடுங்க."

நம்பரைச் சொன்னார். டொக்டர் திருப்பிச் சொன்னதைச் சரி பார்த்தார். போன் வெட்டுப்பட்ட பிறகும் அதைக் காதிலேயே வைத்திருந்தார்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. இருளப்பன் தூரிகை வாளியோடு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்ரனிஸ்லாஸ் எழும்பி ஹோலுக்கு வந்தார்.  மழையில் இன்னும் காயாத எனாமலைக் கவனிக்காமல் சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, டொக்டர் எடுத்தாங்களா? என்னண்ணே சொன்னாங்க?"

"சீனிக்கு ஒண்ணுமில்ல" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். உதடு கோணியது. "கிறேஸ்தான் செத்துப்போயிட்டா இருளப்பா."

பெட்டிக்குத் தோள் கொடுத்த மனுஷன் வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

"ஆமாண்ணே" என்றார். உள்ளே வந்து, அவருடைய நீலக் கையைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தார்.